முதல் வருட ரன்னிங் பேக்கை ஃபேன்டசி ஃபுட்பால் டிராஃப்டில் எந்தச் சுற்றில் எடுக்கலாம்? மதிப்பை எப்படிக் கணிப்பது?

ஃபேன்டசி ஃபுட்பால் என்றால் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக ஆளுக்கொருவராக எடுத்து (அதுதான் டிராஃப்ட்), அவர்களின் நிஜ ஆட்டத்துக்கு வரும் புள்ளியால் மோதுவது. ரன்னிங் பேக் என்பவர் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர். 12 பேர் லீக், முழு பிபிஆர் (ஒரு கேட்சுக்கு ஒரு புள்ளி), ஆகஸ்ட் கடைசியில் டிராஃப்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜ அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே தேர்வான ஒரு ரூக்கியின், அதாவது முதல் வருட ஆட்டக்காரரின், கல்லூரி ஆட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு, மூன்றாம் சுற்றிலேயே எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். அநேகமாக இது ஆபீஸ் லீகாக இருக்கும். உங்களோடு ஆடுபவர்களும் அதே வீடியோவைத்தான் பார்த்திருப்பார்கள். அதனால் அதிலிருந்து உங்களுக்கு மட்டும் தனி லாபம் எதுவும் வராது. அதை மூடி வைத்துவிட்டுக் கணக்கை எடுங்கள்.

திறமை முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். திறமை இருப்பதால்தான் அவர் என்எஃப்எல் வரை வந்திருக்கிறார். ஆனால் ஃபேன்டசியில் புள்ளி வருவது பந்து கையில் வரும் எண்ணிக்கையால். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 2021-ல் பிட்ஸ்பர்க்கின் நஜி ஹாரிஸ் ஒரு ஓட்டத்துக்கு 3.9 யார்டுதான் எடுத்தார். அவருக்கு வழி திறந்துவிட வேண்டிய முன்வரிசையான லைன் பலவீனம். ஆனால் 307 ஓட்டங்கள், 74 கேட்சுகள். பிபிஆரில் சுமார் 300 புள்ளி. அதே வருடம் அவரைவிட அழகாக ஓடிய பலர் அந்தப் பக்கமே வரவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2020-ன் க்ளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் எடுத்துப் பார்க்க வேண்டிய கேஸ் அது. கான்சஸ் சிட்டி அவரை 32-வது ஆளாக, முதல் சுற்றின் கடைசியில் எடுத்தது. எல்எஸ்யூ கல்லூரியில் முந்தைய வருடம் 55 கேட்சுகள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ், கோச் ஆண்டி ரீட். ஜூலை கடைசியில் அதே அணியின் இன்னொரு ரன்னிங் பேக் டேமியன் வில்லியம்ஸ் கோவிட் காரணமாக அந்த சீசன் ஆடுவதில்லை என்று ஒதுங்கினார். அவ்வளவுதான், ஃபேன்டசி டிராஃப்டுகளில் ஹெலேரின் விலை ஒரே வாரத்தில் முதல் சுற்றுக்கு ஏறியது.

முதல் ஆட்டம் ஹூஸ்டனோடு. 25 ஓட்டம், 138 யார்டு, ஒரு டச்டவுன் (கோல் லைன் என்ற கடைசிக் கோட்டைத் தாண்டுவது, ஆறு புள்ளி). மறுநாள் எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் ஸ்கோர் ஷீட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயம் உறுத்தும். ஒன்று, கேட்ச் பூஜ்யம். இரண்டு, அந்த டச்டவுன் 27 யார்டு ஓட்டத்தில் வந்தது. கோல் லைனுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்பப் பந்தைக் கொடுத்தும் உள்ளே போக முடியவில்லை. அக்டோபரில் அணி லெவியான் பெல் என்ற இன்னொரு ரன்னிங் பேக்கைக் கொண்டுவந்தது. வருடக் கடைசியில் ஹெலேர் ஆடியது 13 ஆட்டம், ஓடியது 803 யார்டு, ஓடிப் போட்ட டச்டவுன் நான்கு. பிபிஆரில் மொத்தம் 176 புள்ளி பக்கம்.

அதே வருடம் ஜாக்சன்வில்லில் ஜேம்ஸ் ராபின்சன். என்எஃப்எல் டிராஃப்டின் ஏழு சுற்றிலும் யாரும் எடுக்காதவர். ஆகஸ்ட் 31 அன்று அணி தன் முதல் ரன்னிங் பேக் லெனார்ட் ஃபோர்னெட்டைக் கழற்றிவிட்டது. வேறு ஆள் இல்லாததால் முதல் டவுன் (பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சி உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்), மூன்றாம் டவுன், கோல் லைன் எல்லாம் பெரும்பாலும் இவருக்கே வந்தது. 14 ஆட்டத்தில் 240 ஓட்டம், 1,070 யார்டு, 49 கேட்ச், மொத்தம் 10 டச்டவுன். பிபிஆரில் 250 புள்ளி. ஹெலேரின் அணி பிரமாதம், ராபின்சனின் அணி அந்த வருடம் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தது. இருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

இனி கணக்கு. ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரி 27 தடவை ஓடுகிறது என்று வையுங்கள். 17 ஆட்டத்துக்கு 459. குவார்ட்டர்பேக்கும் மற்றவர்களும் ஓடுவதில் 70 கழித்தால் ரன்னிங் பேக்குகளுக்கு மிச்சம் 390. உங்கள் ரூக்கிக்குப் பாதி என்றால் 195. ஓட்டத்துக்கு 4.3 யார்டு வீதம் 838 யார்டு, பத்து யார்டுக்கு ஒரு புள்ளி என்று 84 புள்ளி. டச்டவுன் ஆறு போட்டால் 36. அடுத்து பாஸ்: அணியின் டார்கெட்டுகளில் (ஓர் ஆளைக் குறிவைத்து எறியப்படும் பந்துகள்) ஐந்தில் ஒரு பங்கு ரன்னிங் பேக்குகளுக்கு என்றால் 110 பக்கம் வரும். அதில் நாற்பது சதவீதம் இவருக்கு, 44. முக்கால்வாசியைப் பிடித்தால் 33 கேட்ச், 33 புள்ளி. கேட்சுக்கு ஏழரை யார்டு என்றால் இன்னொரு 25. ஒரு டச்டவுன் ஆறு. கூட்டினால் 184. 12 பேர் லீகில் இது இரண்டாவது ரன்னிங் பேக் இடத்தின் கடைசிப் படி, அதாவது ஏறக்குறைய 24-வது ரன்னிங் பேக்.

இப்போது பங்கை மட்டும் மாற்றுங்கள். ஓட்டத்திலும் டார்கெட்டிலும் அறுபது சதவீதம், மொத்த டச்டவுன் ஏழிலிருந்து பத்து. அதே கணக்கு 246-க்குப் போகும். திரும்ப முதல் கணக்குக்கு வந்து, கோல் லைன் வேலையை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்து, ஓடிப் போடும் டச்டவுனை இரண்டாக்குங்கள். 160-க்கு விழுந்துவிடும். 160-க்கும் 246-க்கும் நடுவில் அந்தப் பையனின் ஓட்டத் திறமை மாறவே இல்லை, ஓட்டத்துக்கு 4.3 யார்டுதான். மாறியது கோச் கொடுத்த வேலை. அதனால்தான் ஒரு ரூக்கியைப் பற்றி யார் பேசினாலும், மூன்றாம் டவுனில் யார், கோல் லைனுக்கு ஐந்து யார்டுக்குள் யார் என்று கேட்கச் சொல்கிறேன்.

லீக் விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்களுடையது முழு பிபிஆர் என்பதால் ஒரு டார்கெட் இரண்டு ஓட்டத்துக்கும் மேல் மதிப்பு. 2017-ல் நியூ ஆர்லியன்ஸின் ஆல்வின் கமாரா வெறும் 120 ஓட்டத்தில் 300 புள்ளியைத் தாண்டியது 81 கேட்சால். பிபிஆர் இல்லாத லீகில் அதிலிருந்து 81-ஐக் கழியுங்கள். இன்னொருவரின் லீகில் வேலை செய்த பட்டியலை உங்கள் லீகுக்கு அப்படியே தூக்கி வராதீர்கள்.

கோல் லைனில் சக ரன்னிங் பேக் மட்டும் போட்டி இல்லை, குவார்ட்டர்பேக்கும் போட்டி. 2023-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜேலன் ஹர்ட்ஸ் ஓடியே 15 டச்டவுன் போட்டார். அதே அணியில் ஆயிரம் யார்டு தாண்டிய டிஆண்ட்ரே ஸ்விஃப்டுக்கு ஓட்டத்தில் கிடைத்தது ஐந்து. இப்படிப்பட்ட அணிக்கு ரூக்கி போனால் டச்டவுன் கணக்கில் முதலிலேயே கை வையுங்கள்.

மூன்றாம் டவுன் விஷயம் இன்னும் நுணுக்கமானது. கல்லூரியில் 50 கேட்ச் பிடித்தவர் என்பதற்காக என்எஃப்எல்லில் மூன்றாம் டவுனில் நிறுத்திவிட மாட்டார்கள். அங்கே முதல் வேலை பந்து பிடிப்பது அல்ல, ப்ளிட்ஸை, அதாவது குவார்ட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆள் பாய்வதை, தடுப்பது. ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்குள் வரும் கணம்) முன் எதிரணித் தடுப்பாட்டக்காரனான லைன்பேக்கர் நடு இடைவெளியில் வந்து நிற்பான். வருவானா, பின்வாங்குவானா என்று ரன்னிங் பேக் படிக்க வேண்டும். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத்தான் பார்வை போக வேண்டும், ஏனென்றால் உள்ளே வருபவனுக்குத்தான் குவார்ட்டர்பேக்கிடம் தூரம் குறைவு. இதில் ஒரு தடவை தவறினால் குவார்ட்டர்பேக் அடிபடுவார். அதற்குப் பிறகு அந்தப் பையன் பல வாரம் மூன்றாம் டவுனில் பெஞ்சில்தான். கையில் ஒரு அனுபவசாலி ரன்னிங் பேக்கைப் பல அணிகள் இதற்காகவே வைத்திருக்கும். டெப்த் சார்ட்டில் (அணியில் யாருக்கு அடுத்து யார் என்ற பட்டியல்) மூன்றாவதாக இருக்கும் அந்தப் பெயரை யாரும் கவனிப்பதில்லை. உங்கள் ரூக்கியின் 30 கேட்சை எடுத்துக்கொண்டு போவது அந்தப் பெயர்தான்.

இதையெல்லாம் ஆகஸ்டிலேயே பார்க்கலாம். சீசனுக்கு முந்தைய ப்ரீசீசன் ஆட்டத்தில் எத்தனை யார்டு ஓடினார் என்பது தேவையில்லை. முதல் குவார்ட்டர்பேக் களத்தில் இருக்கும்போது யார் கூட நிற்கிறார், மூன்றாம் டவுனில் யாரை மாற்றுகிறார்கள், பாதி முடியக் கடைசி இரண்டு நிமிடத்தில் யார், இவ்வளவுதான். நான்காம் குவார்ட்டரில் இரண்டாம் தர தடுப்பாட்டத்துக்கு எதிராக 60 யார்டு ஓடினால், அவர் முதல் அணியோடு ஆடவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

தேர்வான சுற்று எவ்வளவு சொல்லும்? ஓரளவு சொல்லும். அதிக விலை கொடுத்த அணி அவரைக் களத்தில் இறக்கிப் பார்க்கும், முதலிரண்டு ஆட்டம் சொதப்பினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் உத்தரவாதம் இல்லை. 2018-ல் சியாட்டில் ரஷாட் பென்னியை 27-வது ஆளாக எடுத்தது. வேலையைச் செய்தது முந்தைய வருடம் ஏழாம் சுற்றில் வந்த கிறிஸ் கார்சன். பென்னிக்கு 85 ஓட்டம். 2021-ல் சான் பிரான்சிஸ்கோ மூன்றாம் சுற்றில் ட்ரே செர்மனையும் ஆறாம் சுற்றில் எலைஜா மிட்செலையும் எடுத்தது. ஃபேன்டசியில் எல்லோரும் செர்மன் பின்னால் ஓடினார்கள். டெட்ராய்டில் நடந்த முதல் ஆட்டத்துக்கு முன் வந்த ஆடாதவர்கள் பட்டியலில் செர்மன் பெயர். முதல் ஆள் ரஹீம் மோஸ்டர்ட் இரண்டு ஓட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேற, மிட்செல் 19 ஓட்டத்தில் 104 யார்டு. சீசன் முடிவில் 963. ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் வரும் அந்தப் பட்டியலை ஒருவர் படித்திருந்தால் கோச் மனதில் யார் என்பது புரிந்திருக்கும்.

நாற்பது யார்டு ஓட்ட நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், எடையோடு சேர்த்துப் பாருங்கள். விளையாட்டு எழுத்தாளர் பில் பார்ன்வெல் கொடுத்த ஸ்பீட் ஸ்கோர் சூத்திரம் எளிது: எடை பவுண்டில், அதை 200-ஆல் பெருக்கி, நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 100 சராசரி. ஜானதன் டெய்லர் 226 பவுண்டு, 4.39 வினாடி, ஏறக்குறைய 122. ஹெலேர் 207 பவுண்டு, 4.60 வினாடி, 92 சொச்சம். அப்படியானால் 92 வாங்கியவர்கள் தேறவே மாட்டார்களா? 2017-ல் மூன்றாம் சுற்றில் வந்து, முதல் வருடத்திலேயே 1,327 யார்டோடு லீகில் முதலிடம் பிடித்த கரீம் ஹண்ட்டின் ஸ்கோரும் 95 பக்கம்தான். அவருக்கு முன்னால் இருந்த ஸ்பென்சர் வேர் ப்ரீசீசனில் முழங்கால் காயத்தோடு போனார். மறுபடி வாய்ப்புதான். சமமான இருவரில் ஒருவரைப் பிரிக்க இந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

"சாக்வான் பார்க்லி 2018-ல் முதல் வருடமே ஓடியும் பிடித்தும் மொத்தம் 2,028 யார்டு, 91 கேட்ச் எடுத்தாரே, அவரை எடுத்தவன் ஜெயித்தானே" என்று ஒருவர் கேட்பார். சரிதான். இரண்டாவது ஆளாகத் தேர்வானவர், மூன்று டவுனும் அவருக்கே என்று முதல் நாளிலிருந்து தெரிந்தது. நான் சொல்லும் கணக்கிலும் அவர் முதல் சுற்றுக்காரர்தான். ஆனால் 2023-ல் பீஜான் ராபின்சனையும் அதே விலைக்கு எடுத்தார்கள். அட்லாண்டாவில் டைலர் ஆல்ஜியர் 186 ஓட்டத்தை எடுத்துக்கொண்டார், பீஜானுக்கு 214, ஓடிப் போட்ட டச்டவுன் நான்கு. மோசமான வருடம் இல்லை. கொடுத்த விலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். போட்டியாளர் யார் என்பது ஆகஸ்டிலேயே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இடையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டிரேடை, அதாவது இருவர் ஆள் மாற்றிக்கொள்ளும் பேரத்தை, மற்றவர்கள் ஓட்டுப் போட்டு ரத்து செய்யும் விதி உங்கள் லீகில் இருந்தால் அந்த விதியை சீசன் தொடங்கும் முன்பே நீக்கச் சொல்லுங்கள். ரூக்கி ரன்னிங் பேக்கை வாங்க நல்ல நேரம் அக்டோபர். முதல் ஐந்து வாரம் ஏமாற்றிவிட்டார் என்று விற்பவன் சலித்திருப்பான். இருவரும் மனதாரச் சம்மதித்த பேரத்தை, தன் அணி தோற்றுவிடுமோ என்ற பயத்தில் நாலு பேர் சேர்ந்து தடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? கூட்டுச் சதி என்று ஆதாரம் இருந்தால் மட்டும் லீகை நடத்தும் கமிஷனர் நிறுத்தட்டும். உழைத்துக் கணக்குப் போட்டவனைத் தண்டிப்பதற்குத்தான் அந்த ஓட்டு பயன்படுகிறது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓட்டத்தில் அறுபது சதவீதம், கோல் லைன் இரண்டும் உறுதி, மூன்றாம் டவுன் சந்தேகம் என்றால் மூன்றாம் சுற்று சரியான விலை. மூன்றும் உறுதி என்றால் இரண்டாம் சுற்றிலேயே எடுங்கள், மூன்றாவதில் இருக்க மாட்டார். பாதிப் பங்கு, கோல் லைனில் வேறு ஆள் என்றால் ஆறாம் சுற்றுக்கு முன் தொடாதீர்கள். மேலே போட்ட கணக்கு எல்லாம் 17 ஆட்டத்துக்கு. ரன்னிங் பேக்குகள் அடிபடுவார்கள், அதனால் 14 ஆட்டமாகக் குறைத்தே ஒப்பிடுங்கள். முழங்கால் அறுவைக்குப் பிறகு வருபவர் என்றால் இன்னும் எச்சரிக்கை. 2024-ல் முதல் ரன்னிங் பேக்காகத் தேர்வான ஜானதன் புரூக்ஸ் கரோலினாவுக்காக மூன்றே ஆட்டம் ஆடிவிட்டு அதே முழங்காலில் மறுபடி அடிபட்டார். அதே டிராஃப்டில் டாம்பா பே நான்காம் சுற்றில் எடுத்த பக்கி இர்விங் 1,122 யார்டு ஓடினார்.

எடுத்த பிறகு பொறுமை வேண்டும். பல அணிகள் ஆட்டமில்லாத பை வாரத்தில்தான் ரூக்கிகளின் வேலையைக் கூட்டும். 2020-ல் டெய்லர்கூட நவம்பருக்குப் பிறகுதான் வெடித்தார், கடைசி ஆட்டத்தில் மட்டும் 253 யார்டு. வாரா வாரம் புள்ளியைப் பார்க்காமல் ஸ்னாப் சதவீதத்தை, அதாவது அணியின் ஸ்னாப்புகளில் எத்தனைக்குக் களத்தில் நின்றார் என்பதை, பாருங்கள். 35, 42, 48 என்று ஏறிக்கொண்டிருந்தால் இரண்டு புள்ளி எடுத்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். பை முடிந்து இரண்டு ஆட்டம் ஆகியும் முப்பதுக்குக் கீழேயே நின்றால், அவருக்கு முன்னால் இருப்பவர் காயத்தோடு ஆடுகிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, இல்லையென்றால் அந்த இடத்தை வேவரில் (லீகில் யார் கையிலும் இல்லாதவர்கள் பட்டியல்) கிடைக்கும் ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்.