அக்காவிடம் கேளுங்கள்: நேர்முகத்தில் கலியாணப் பேச்சு

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகம் படித்து ஏ.ஏ.டி. கணக்கியல் படிப்பும் முடித்தேன். கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடைக்குக் கணக்கு எழுதும் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனேன். கணக்கைப் பற்றி ஒரு கேள்வி, கலியாணத்தைப் பற்றி ஐந்து கேள்வி. கடைசியில் என்னோடு படித்த, இன்னும் ஒரு பாடம் பாஸ் பண்ணாத பொடியனை எடுத்துவிட்டார்கள். இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா அக்கா?
– ம., விசுவமடு

பதில்: தங்கச்சி, எனக்கும் நடந்ததுதான். தொண்ணூறுகளில் ஒரு சங்கத்தில் லிகிதர் வேலைக்குப் போனபோது மனேச்சர் என்னைப் பார்க்கவே இல்லை, துணைக்கு வந்த அம்மாவைப் பார்த்து "பிள்ளைக்கு எங்கேயும் பேசியிருக்கோ?" என்றார். அம்மாவும் வெள்ளந்தியாய் "ஓம், வாற ஆவணியிலை" என்று சொல்லிவிட்டா. வேலை போச்சு. அந்தக் கலியாணமும் சரிவரவில்லை, அது வேறு கதை.

சரி, சட்டத்துக்கு வருவோம். பால் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆனால் அதை வைத்து அரசாங்கம் செய்ததற்கு எதிராகத்தான் உயர் நீதிமன்றம் போகலாம், ஹாட்வெயார் கடை முதலாளியை அது தொடாது. சம வேலைக்குச் சம ஊதியம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1993இலேயே இணைந்துவிட்டது. ஆனாலும் தனியார் துறையில் ஆள் எடுக்கும்போது "கலியாணம் எப்ப?" என்று கேட்பதைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் இல்லை.

முதலாளி ஏன் கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பிரசவ லீவுச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 வேலை நாள் பிரசவ லீவு உண்டு, முன்பு மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான். நல்ல திருத்தம். ஆனால் அந்த லீவுச் சம்பளம் முழுக்க முதலாளியின் கையிலிருந்துதான் போகிறது. இந்தியாவில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்புறுதி உள்ள இடத்தில் அந்தக் காசை நிதியம் கொடுக்கும், இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்காரர் அதை நினைத்துத்தான் பொடியனை எடுக்கிறார். எடுத்த பொடியன் எட்டாம் மாதம் வெளிநாடு போகிறேன் என்று நின்றுவிடுவான், அதை மட்டும் யாரும் நேர்முகத்தில் கேட்பதில்லை. லீவுச் சம்பளத்தை எல்லா முதலாளிமாரும், அரசாங்கமும் சேர்ந்து ஒரு நிதியத்தில் போட்டால் இந்தக் கேள்வியில் பாதி தானாகவே நின்றுவிடும் என்பது என் எண்ணம். மற்றப் பாதி ஊர் வாய், அதற்கு நிதியம் போதாது.

பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள், ஆனால் வேலை செய்யும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் வேலையிலோ வேலை தேடிக்கொண்டோ இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். நடுவில் காணாமல் போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், பரந்தன் சந்தியில் பின்னேரம் ஆறரைக்கு நின்று பார்க்கச் சொல்வேன். முல்லைத்தீவு றோட்டுப் பஸ் வருமா வராதா என்று தெரியாமல், கைபேசியில் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நாலு பிள்ளைகள் நிற்பார்கள். "கடை ஏழு மணிக்குத்தான் பூட்டுவோம், சம்மதமா?" என்று முதலாளி கேட்கும்போது அவருக்குத் தெரியும், அந்தப் பஸ்ஸைத்தான் கேட்கிறார் என்று.

அடுத்த நேர்முகத்தில் கலியாணப் பேச்சு வந்தால் பொய் சொல்லவும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். "எப்ப நடந்தாலும் மாதக் கணக்கை மாதத்துக்குள் முடிப்பேன்" என்று சொல்லிவிட்டு, "முந்தி இருந்தவர் ஏன் விட்டவர்?" என்று திருப்பிக் கேளுங்கள். எடுத்தால் நியமனக் கடிதம் கேளுங்கள். "பயிற்சிதானே" என்று சொல்லி சேமலாப நிதி கட்டாமல் வருடக்கணக்காய் வைத்திருக்கும் கடைகள் நிறைய. சம்பளத்தில் உங்கள் பங்கு 8%, முதலாளி பங்கு 12%, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் 3%. கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்துக்கு எழுதலாம்.

கேள்வி: சமத்துவம் என்று எழுதுகிறீர்கள். என் வயலில் ஆம்பிளைக்கு 2,500, பொம்பிளைக்கு 1,500 கொடுக்கிறேன். மூட்டை தூக்கட்டும், நானும் 2,500 கொடுக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?
– க., முத்தையன்கட்டு

பதில்: அண்ணை, மூட்டை தூக்குகிற நாளில் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். காலபோகத்தில் களை பிடுங்குகிற நாளில் மூட்டை எங்கே வந்தது? முழங்கால் தண்ணீரில் குனிந்தபடி, கோரையையும் பன்றி நெல்லையும் பயிரிலிருந்து பிரித்துப் பிடுங்க வேண்டும். பன்றி நெல் கதிர் வரும்வரை நெல்லுப் போலவே இருக்கும், பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும். அந்தக் கண்ணுக்கு நீங்கள் ஒரு சதமும் கொடுப்பதில்லை.

வெட்டு மெசின் வந்த பிறகு கையால் நெல் அறுக்கும் அருவி வெட்டும் கட்டுக் கட்டும் போய்விட்டன, பெண்களின் கூலி நாட்கள் குறைந்ததற்கு அதுதான் காரணம். மெசின் ஓட்டத் தோள் பலம் வேண்டாம், ஆனால் அந்தச் சீற்றில் ஒரு பொம்பிளை இருந்து பார்த்தீர்களா? முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற பெண்கள் வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாய்க் கிளறுகிறார்கள். அவர்களுக்கு ஏலும் என்றால் மெசின் பழகுவதும் ஏலும். அதுவரைக்கும் களையைக் கொந்தராத்தாய், ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பாருங்கள். யார் எவ்வளவு செய்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: கார்மெண்டில் வேலை, பிள்ளைக்கு ஏழு மாதம். பால் கொடுக்க நேரம் கேட்டால் சூப்பவைசர் முறைக்கிறார்.
– பெயர் வேண்டாம், தருமபுரம்

பதில்: அது அவர் தருகிற சலுகை இல்லை. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளுக்கு இரண்டு தடவை. வேலைத்தலத்தில் பிள்ளை பார்க்கும் இடம் இருந்தால் தடவைக்கு அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

கேள்வி: மாவும் தூளும் அரைக்கும் ஆலை போட ஆசை. வங்கியில் என் சீதனக் காணியை ஈடு வைக்க அவரின் கையெழுத்துக் கேட்கிறார்கள். 2009இல் காணாமல் போனவரிடம் எப்படி வாங்குவது?
– ச., மல்லாவி

பதில்: முதலில் காகிதத்தைப் பாருங்கள், சொந்தக் காணி உறுதியா, அரசாங்கக் காணிக்கான பெர்மிட்டா என்று. பெர்மிட் என்றால் பிரதேச செயலகத்தில்தான் பேச வேண்டும். உறுதிக் காணி என்றால், தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அவர் தன் சொத்தை வைக்க உங்கள் கையெழுத்துத் தேவையில்லை, அந்த அநியாயத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன். அதே சட்டத்தில் ஒரு வழியும் உண்டு: புருஷன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி எடுக்கலாம். மரணச் சான்றிதழ் எடுக்க உங்களுக்கு மனம் வராது, வரவும் தேவையில்லை. காணாமல் போனவர் என்று பதிவு செய்து தனிச் சான்றிதழ் எடுக்க 2016இல் சட்டம் வந்திருக்கிறது. வழக்குச் செலவுக்குக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

அப்புறம், மோட்டர் வாங்க முன்னம் உங்கள் ஒழுங்கைக்கு மூன்று பேஸ் கரண்ட் வருமா என்று மின்சாரக் கந்தோரில் கேட்டுவிடுங்கள். மிளகாய்க்கும் மாவுக்கும் ஒரே மெசின் வேண்டாம். உறைப்பு மாவில் ஏறினால் பிட்டுக்கு மா அரைக்க ஒருவரும் வரமாட்டார்கள்.