உண்ணிக்கு மருந்தா? முதலில் எண்ணிப் பாருங்கள்

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து வாங்கிய அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்றை மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். அடிப்பலகையில் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ கிடக்கிறது. வரோவா உண்ணி என்று பயந்து, வீடியோ பார்த்து ஆக்சாலிக் அமிலம் வாங்கிவிட்டேன். எப்படிக் கொடுப்பது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அந்த டப்பாவை இறுக மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள் அம்மா. இப்போதைக்கு அது வேண்டாம்.

நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக இத்தாலியத் தேனீ வளர்ப்பவருடையதாக இருக்கும். உங்களிடம் இருப்பது நம்மூர்த் தேனீ. வரோவாவுக்குப் பூர்வீகமே இந்த ஆசியத் தேனீதான். காலங்காலமாக ஒரே வீட்டில் இருந்து இரண்டும் ஒரு சமரசத்துக்கு வந்துவிட்டன. நம் தேனீயிடம் அந்த உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில்தான் பெருகும். பணித்தேனீ அறைக்குள் நுழைந்தால், தேனீக்கள் மோப்பம் பிடித்து உள்ளே இருக்கும் புழுவோடு வெளியே இழுத்துப் போட்டுவிடும். இத்தாலியத் தேனீக்கு இந்தச் சாமர்த்தியம் குறைவு. உண்ணி பணித்தேனீ அறைகளிலும் பெருகி, இறக்கையைச் சுருட்டிவிடும் வைரஸையும் பரப்பி, கூட்டத்தையே காலி செய்துவிடும். அதனால்தான் அவர்களுக்கு அத்தனை மருந்து.

சரி, உங்கள் பலகையில் கிடப்பது என்ன? ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரோவா என்றால் செம்பழுப்பாக, கடுகைவிடச் சற்றுச் சிறிதாக, நீளத்தைவிட அகலம் கூடுதலாக இருக்கும். ஊசியால் புரட்டினால் அடியில் கால்கள் தெரியும். காலே இல்லாத வெளிர் பழுப்புச் செதில்கள் என்றால் அறை மூடியைக் கடித்துத் துப்பிய மெழுகு, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கருத்த சிறு உருண்டைகளும் வலை இழைகளும் என்றால் மெழுகு அந்துப்பூச்சிப் புழுவின் எச்சம். என்னைக் கேட்டால் இதுவாகத்தான் இருக்கும். பலகையை வாரம் ஒருமுறை சுரண்டித் துடையுங்கள். தேனீக்கள் வந்து மூடாத பழைய கருத்த அடைகளை எடுத்து உருக்கிவிடுங்கள். கூட்டம் சிறுத்த பெட்டியில் காலி அடை தொங்கினால் அந்துப்பூச்சிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்.

இன்னும் சந்தேகமா? மூடிய ஆண் தேனீ அறைகளைத் தேடுங்கள். மூடி உப்பலாக, நடுவில் பொடித் துளையோடு இருக்கும். சிலவற்றைக் கிளறி எடுத்தால் வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் செம்பழுப்பு உண்ணி பளிச்சென்று தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் பதறாதீர்கள். நிறைய இருந்தால் அந்த அடைப்பகுதியை வெட்டி எடுத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். நம் தேனீக்கு இந்த வைத்தியமே போதும்.

அடிக்கடி திறந்து பார்ப்பதும் நெடியடிக்கும் மருந்தும் நம் தேனீக்கு ஆகாது. கோபித்துக்கொண்டு பெட்டியையே விட்டு ஓடிவிடும். வேப்பெண்ணெய் தெளிக்கலாமா என்று கேட்டு எழுதும் மற்ற வாசகர்களுக்கும் இதே பதில்தான். கத்திரி வெயிலில் மாடிப் பெட்டிக்கு மேலே கீற்றும், பக்கத்தில் தண்ணீரும், எறும்பு ஏறாமல் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணமும் இருக்கிறதா? அதைப் பாருங்கள்.

கேள்வி: திருவள்ளூர் பக்கம் மாந்தோப்பில் புதிதாக இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். எனக்கும் மருந்து வேண்டாமா?
– வாசகர், ஆவடி

பதில்: உங்கள் கதை வேறு. உங்களுக்கு வேண்டியிருக்கலாம், ஆனால் எண்ணிய பிறகு. சர்க்கரையை வீட்டு மிக்ஸியில் நைசாக அரையுங்கள். கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும். புழு அறைச் சட்டத்தில் ராணி இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அரை கப் தேனீக்களை அகல வாய் பாட்டிலில் தட்டுங்கள். அது சுமார் 300 தேனீ. வாயில் கம்பி வலை கட்டி, இரண்டு கரண்டி சர்க்கரைத் தூள் போட்டு, மெதுவாக உருட்டி ஓரிரு நிமிடம் நிழலில் வையுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்து உதறுங்கள். சர்க்கரை கரைய, உண்ணி மிதக்கும். தேனீக்களைத் திரும்பப் பெட்டியில் விடலாம். 100 தேனீக்கு 3 உண்ணி, அதாவது உங்கள் பாட்டிலில் 9 வந்தால் மருந்துக்கு நேரம் வந்துவிட்டது.

ஃபார்மிக் அமிலம் மூடிய அறைக்குள்ளும் போகும். ஆனால் பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் ராணிக்கும் புழுக்களுக்கும் ஆபத்து. உங்கள் பக்கம் மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் அதைக் கொடுக்க வாய்ப்பு குறைவு. ஆக்சாலிக் அமிலம் தேனீயின் மேல் இருக்கும் உண்ணியை மட்டும்தான் கொல்லும், மூடிய அறைக்குள் இருப்பது தப்பித்துவிடும். அதனால் நான் சொல்லும் வழி: ராணியைச் சுமார் மூன்று வாரம் கூண்டில் அடையுங்கள். இருக்கும் புழுக்களெல்லாம் தேனீயாகி வெளிவந்த பிறகு, தேன் அறையை இறக்கிவிட்டு ஆக்சாலிக் கொடுங்கள். கையுறை, கண்ணாடி, முகமூடி கட்டாயம். அளவை திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இடைவெளியில் டிரோபிலேலாப்ஸ் என்ற இன்னொரு சிற்றுண்ணியும் ஒழியும். மலைத்தேனீயிடமிருந்து வரும் அது, புழு கிடைக்காவிட்டால் சில நாட்களுக்கு மேல் தாங்காது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கிவிட்டு மீண்டும் சட்டென்று ஏறினால், பக்கத்துத் தோப்புப் பெட்டிகளிலிருந்து வருகிறது என்று அர்த்தம். அவரிடம் பேசி, இரண்டு பேரும் ஒரே வாரத்தில் மருந்து கொடுங்கள்.