சிபில் அறிக்கையைக் காசு கொடுக்காமல் பார்க்க முடியுமா?

முடியும். நாம் வாங்கிய கடன்களையும் அவற்றை எப்படி அடைத்தோம் என்பதையும் காட்டும் அறிக்கை அது. ரிசர்வ் வங்கியின் 2016 உத்தரவுப்படி, 2017 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நாம் எல்லாவற்றையும் ‘சிபில்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு இருக்கின்றன. ஆக ஆண்டுக்கு நான்கு அறிக்கை. மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுக்கக் கண் வைத்திருக்கலாம்.

அந்தந்த நிறுவனத்தின் தளத்துக்கே போங்கள். பான் எண், பிறந்த தேதி, மொபைலுக்கு வரும் ஓடிபி, அவ்வளவுதான். கட்டணத் திட்டம்தான் பெரிதாகக் கண்ணில் படும். இலவச இணைப்பைக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் (கடனை ஒழுங்காக அடைப்பதற்கான மதிப்பெண்) குறையாது, அந்தப் பயம் வேண்டாம்.

வந்ததும் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கணக்குகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். நான் அடைத்து முடித்த ஒரு பைக் லோன், ஒன்றரை ஆண்டு கழித்தும் பாக்கி இருப்பதாகவே கிடந்தது! கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் சான்றான என்ஓசியைக் காட்டித்தான் திருத்தினேன். தவறு இருந்தால் தளத்திலேயே புகார் பதியலாம், அதற்கும் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதனால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.