டின் பீன்ஸ்: பயறைச் சாப்பிடுங்கள், சாற்றை அளந்துகொள்ளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 58, ஊர் பாளையங்கோட்டை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு டெல்மிசார்டானும் சாப்பிடுகிறேன். லண்டனில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது, தக்காளிச் சாற்றில் போட்ட பேக்டு பீன்ஸ் 12 டின் கொண்டுவந்தான். 5 வயதுப் பேரன் காலையும் ராத்திரியும் பிரெட்டோடு அதைத்தான் கேட்கிறான். எனக்கும் அந்த ருசி பிடித்துப்போய்விட்டது. ஆனால் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. "டப்பாச் சாப்பாடு எல்லாம் கெமிக்கல், தொடாதீங்க" என்று மதினி சொல்கிறார். நான் சாப்பிடலாமா? ஒரு டின் மேல் விளிம்பில் நசுங்கியிருக்கிறது, அதைத் திறக்கலாமா?

பதில்: அம்மா, அந்த நசுங்கிய டின்னை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். டின்னின் நடு உடம்பில் லேசாக ஒரு பள்ளம் இருந்தால் பரவாயில்லை. மூடி உடம்போடு சேரும் விளிம்பில் நசுங்கினால் அந்த மூட்டு விட்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். அந்த டின் வேண்டாம். மூடி உப்பியிருந்தாலும், கசிந்திருந்தாலும், திறக்கும்போது சாறு பீறிட்டு அடித்தாலும் ருசிகூடப் பார்க்காமல் எறியுங்கள். நரம்பை முடக்கும் பொட்டுலினம் நச்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. துடைத்தால் போகிற மேல்துரு மட்டும் என்றால் பயமில்லை.

மதினி சொல்வதற்கு வருகிறேன். டின்னைத் திருப்பி, உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். வெள்ளை பீன்ஸ், தக்காளி, தண்ணீர், சர்க்கரை, வினிகர், சோளமாவு, உப்பு, கொஞ்சம் மசாலாச் சாரம், பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். அது கெடாமல் இருப்பதற்குக் காரணம் சூடு. அரைவேக்காட்டுப் பீன்ஸையும் சாற்றையும் டின்னில் அடைத்து, மூடி, 115 டிகிரிக்கும் மேலே அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். நம் பிரஷர் குக்கர் செய்கிற வேலைதான், ஆனால் மூடிய டின்னுக்குள்ளேயே நடக்கிறது. கிருமி செத்துவிடுகிறது, வெளியிலிருந்து புதிதாக எதுவும் நுழைய முடியாது. அதனால்தான் அதைத் தனியாக வேகவைக்க வேண்டியதில்லை, சூடாக்கினால் போதும்.

உள்ளே இருக்கும் பயறு உங்களுக்கு நல்லதுதான். வழக்கமான 415 கிராம் டின்னில் பாதியைக் கணக்குப் பாருங்கள்: ஏறக்குறைய 165 கலோரி, புரதம் 10 கிராம், நார்ச்சத்து 8 கிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்பார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு கிண்ணத்திலேயே வந்துவிடுகிறது. ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் குறிக்கும் கிளைசெமிக் எண் 55-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கணக்கு. பேக்டு பீன்ஸ் அதற்குள் வருகிறது. வெள்ளை பிரெட் 70-க்கு மேலே. ஆக, உங்கள் தட்டில் சர்க்கரையை வேகமாக ஏற்றுவது பீன்ஸ் அல்ல, கூட வைக்கிற பிரெட். இரண்டு துண்டு வைக்கிற இடத்தில் ஒன்று வையுங்கள், முழுக்கோதுமை என்றால் இன்னும் நல்லது. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், பயறில் லைசின் அதிகம், மெத்தியோனின் குறைவு. தானியத்தில் அது நேர்மாறு. நம் உளுந்தம்பருப்புச் சோற்றிலும் இட்லியிலும் அரிசியும் உளுந்தும் ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டுவது மாதிரி, பிரெட்டும் பீன்ஸும் சேரும்போது புரதம் நிறைவாகிறது. எளிய வீட்டுச் சாப்பாடாக அது நிலைத்ததில் எனக்கு வியப்பில்லை. விலை குறைவு, ஊறவைக்கிற வேலை இல்லை, மூன்று நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும்.

கவனம் வேண்டியது சாற்றில். அதே பாதி டின்னில் சர்க்கரை 9, 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன். உப்பு 1.2 கிராம். பிரஷர் உள்ளவருக்கு ஒரு நாள் முழுக்க 5 கிராம் உப்புதான் வரம்பு. அதில் கால்வாசி போய்விட்டது, பிரெட்டில் உள்ளது தனி. சாம்பாரும் சட்னியும் இன்னும் பாக்கி. எனவே பீன்ஸ் சாப்பிடுகிற அன்றைக்கு அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் இலைக்கு வரக்கூடாது. வெளிநாட்டு டின்னில் 'சால்ட்' என்று கிராமில் போட்டிருப்பார்கள். நம் ஊர் டின்னில் 'சோடியம்' என்று மில்லிகிராமில் இருக்கும். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 240 மில்லிகிராம் சோடியம் என்றால் 0.6 கிராம் உப்பு. மகனிடம் அடுத்த முறை உப்பும் சர்க்கரையும் குறைத்த வகையை வாங்கிவரச் சொல்லுங்கள், அங்கே கடைகளில் கிடைக்கிறது. கையில் இருக்கிற டின்னுக்கு ஒரு வழி: கண் வடிகட்டியில் கொட்டி, சாறு சொட்டி முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அலசுங்கள். சாற்றில் இருந்த உப்பிலும் சர்க்கரையிலும் நல்ல பங்கு கழிந்துவிடும். பிறகு வெங்காயம், பூண்டு, பழுத்த தக்காளி வதக்கி அதில் புரட்டிக்கொள்ளலாம்.

அளவு: உங்களுக்கு அரை டின், வாரம் இரண்டு நாள். பேரனுக்கு இரண்டு வேளையும் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். 5 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் உப்பு 3 கிராமைத் தாண்டக்கூடாது. வேளைக்கு அரை டின் என்றால் பீன்ஸிலேயே 2.4 கிராம் வந்துவிடும். மூன்று மேசைக்கரண்டி, ஒரு வேளை, அதுவும் தினமும் வேண்டாம். சாப்பிட்ட கையோடு டீயும் வேண்டாம். பயறில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

வயிறு உப்புவது ஏன்? பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் உண்டு. அவற்றைப் பிரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா நொதிக்கவைத்து வாயுவாக்குகிறது. இது நோய் அல்ல. மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால் பலருக்கு இரண்டு, மூன்று வாரத்தில் குடல் பழகிவிடும். இன்னொன்று, மெட்ஃபார்மினே வயிறு உப்பலைத் தரும். பீன்ஸ் சாப்பிடாத நாளிலும் உப்பினால் மாத்திரையைச் சந்தேகப்படுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் போடுகிறீர்களா என்று பாருங்கள், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

டெல்மிசார்டான் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது, பயறிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் கவலை இல்லை. சிறுநீரகம் வேலை செய்கிற அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் கூடுதல் என்று சொல்லியிருந்தால், பீன்ஸைத் தொடருமுன் உங்கள் மருத்துவரிடம் பொட்டாசியம் அளவையும் கேட்டுவிடுங்கள்.

திறந்த டின்னில் மிச்சத்தை வைக்காதீர்கள். தக்காளிப் புளிப்பு தகரத்தோடு சேர்ந்து ருசி கெடும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். நம் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே பரணில் திறக்காத டின்னை அடுக்குவதும் தவறு. அடுப்படிக்கு அப்பால், தரையோரக் குளிர்ந்த அலமாரியில் இருக்கட்டும்.

டின் தீர்ந்ததும் வீட்டிலேயே செய்யலாம். வெள்ளைத் தட்டைப்பயறு 200 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் மூன்று விசில். வாயு தரும் சர்க்கரையில் ஒரு பங்கு ஊறிய தண்ணீரோடு போய்விடும். தட்டைப்பயறுக்குப் பதில் ராஜ்மா என்றால், வெள்ளையோ சிவப்போ, முதல் விசிலுக்குப் பின் சின்னத் தீயில் 15 நிமிடம் வேண்டும். வேகாத ராஜ்மாவில், அதிலும் சிவப்பில், வாந்தியும் கழிச்சலும் தரும் லெக்டின் இருக்கிறது. கொதி வராத குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைத்தால் அது அழியாது.

பலர் தவறுவது இங்கே: பயறு வேகுமுன் தக்காளி போடுகிறார்கள். புளிப்பு பட்டால் தோல் இறுகி, எத்தனை விசில் வைத்தாலும் பல்லில் நெறுநெறுக்கும். கடினமான போர் தண்ணீரும் அதையே செய்யும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் அதில் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் மாவாகக் குழைய வேண்டும், அதுதான் பதம். பிறகு இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, மசித்த தக்காளி 300 கிராம், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் உப்பு. வெந்த பயறில் ஒரு கரண்டியை நசுக்கிச் சேர்த்தால் சோளமாவு இல்லாமலே சாறு கெட்டிப்படும். கடைசியில் ஒரு டீஸ்பூன் வினிகர், ஒரு டீஸ்பூன் பொடித்த கருப்பட்டி. கருப்பட்டியும் சர்க்கரைதான், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து பேருக்கு வரும். ஆளுக்குப் புரதம் சுமார் 8 கிராம், உப்பு 0.6 கிராம்.

எதைச் சாப்பிட்டாலும் முதல் நாள் குளுக்கோமீட்டரில் சாப்பிடுமுன் ஒரு தடவை, முதல் வாய் வைத்த இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பாருங்கள். இரண்டாவது எண் 180-க்குள் இருந்தால் அந்த அளவு உங்களுக்குச் சரி. தாண்டினால் முதலில் பிரெட்டைக் குறைத்துவிட்டு, இன்னொரு நாள் பாருங்கள்.