ஐந்தொகை போட்டுப் பாருங்கள்! – கால்பந்து கேள்வி பதில்

கே: உலகின் தலைசிறந்த மேனேஜர் ஃபெர்குசனா, கார்டியோலாவா, ஆன்செலாட்டியா என்று எங்கள் விடுதியில் தினமும் பட்டிமன்றம். எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

ப: கோப்பைகளை எண்ணினால் யாரையும் தள்ள முடியாது. ஐரோப்பாவின் சிறந்த கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கை ஆன்செலாட்டி 5 முறை வென்றவர். இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாட்டு லீக்கிலும் பட்டம் வாங்கிய ஒரே மேனேஜர். கார்டியோலா 2009-ல் பார்சிலோனாவுக்கும் 2023-ல் மான்செஸ்டர் சிட்டிக்கும் ஒரே பருவத்தில் மூன்று பெரிய கோப்பைகளை வாங்கிக் கொடுத்தார். ஃபெர்குசன் கணக்கில் இங்கிலாந்தின் முதல்தர லீக்கான பிரீமியர் லீக் பட்டங்கள் 13.

ஆனால் வரவை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் ஊரில் பெட்டியடியில் உட்கார்ந்து ஐந்தொகை போட்ட பெரியவர்களைக் கேளுங்கள்: போட்ட முதல் எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மேனேஜரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கையில் கிடைத்த ஆட்டக்காரர்களை வைத்து அவர் என்ன செய்தார்? இங்கிலாந்து மேனேஜர் பிரையன் கிளஃப் 1977-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பை இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே கொண்டுவந்தார். மறு ஆண்டே லீக் பட்டம். 1979, 1980 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்). முதலுக்கு இத்தனை லாபம் காட்டியவர்கள் மிகக் குறைவு.

எங்கள் ஓட்டு ஃபெர்குசனுக்கு. 1986 நவம்பரில் அவர் வந்தபோது மான்செஸ்டர் யுனைடெட் பட்டியலின் அடியில் கிடந்தது. முதல் லீக் பட்டம் 1993-ல்தான் வந்தது. அதன் பிறகு, ஜெயித்துக்கொண்டிருந்த அணியைத் தானே கலைத்துத் திரும்பக் கட்டும் துணிச்சல் அவருக்கு இருந்தது. 1995-ல் இன்ஸ், ஹியூஸ், காஞ்செல்ஸ்கிஸ் மூவரையும் விற்றுவிட்டு பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் என்று கிளப்பிலேயே வளர்ந்த பையன்களை இறக்கினார். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3–1 தோல்வி; பருவம் முடியும்போது லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் அவர் கையில். ஓர் அணியைக் கட்டுவதே பெரிய வேலை. அவர் 2013 வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்தார்.

கே: மேனேஜர், கோச் – இரண்டும் ஒன்றா?
– வாசகி, தேவகோட்டை

ப: இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி, யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை ஆட வைப்பது எல்லாமே மேனேஜர் கையில். ஸ்பெயின், இத்தாலி கிளப்களில் வாங்கும் விற்கும் வேலையை ஸ்போர்ட்டிங் டைரக்டர் பார்ப்பார். கோச் அணியைப் பழக்கி ஆட வைப்பார். இப்போது இங்கிலாந்தும் அந்தப் பக்கம்தான் போகிறது. ஃபெர்குசனே அன்றாடப் பயிற்சியைப் பெரும்பாலும் உதவியாளர்களிடம் விட்டுவிட்டு ஓரமாக நின்று கவனிப்பார். யார் சோர்ந்திருக்கிறான், யாருக்கு மனசு சரியில்லை என்பது அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

கே: பந்தை இழந்த ஐந்து நொடிக்குள் திரும்பப் பறிக்கும் பிரஸ்ஸிங் முறையை எங்கள் பள்ளி அணியில் செய்து பார்த்தோம். 20 நிமிடத்தில் பிள்ளைகள் களைத்துவிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் பந்தைப் போட்டு கோல் அடித்துவிடுகிறார்கள். எங்கே தவறு?
– உடற்கல்வி ஆசிரியர், பள்ளத்தூர்

ப: பிள்ளைகளின் தெம்பில் குறை தேடாதீர்கள், ஆட்டக்காரர்களுக்கு இடையே உள்ள தூரத்தை முதலில் பாருங்கள். ஏ.சி. மிலானைப் பழக்கிய சாக்கி, தற்காப்பு வரிசைக்கும் முன்கள வரிசைக்கும் நடுவே 25 மீட்டருக்கு மேல் விடமாட்டார். உங்கள் ஸ்ட்ரைக்கர்கள் பிரஸ் செய்யும்போது டிஃபென்டர்கள் பெனால்டி பாக்ஸிலேயே நின்றால் நடுவில் 50 மீட்டர் திறந்து கிடக்கும். அந்த இடைவெளியை ஓடி அடைப்பதில்தான் பிள்ளைகள் களைக்கிறார்கள். முன்னால் ஆள் போகும்போது பின்வரிசை நடுக்கோடு வரை ஏற வேண்டும். கோல்கீப்பர் பாக்ஸுக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். முதுகுக்குப் பின் விழும் பந்து அவருடையது.

பழக்கும் விதம் இது. 12 மீட்டர் சதுரம் போடுங்கள். சுற்றி ஐந்து பேர், உள்ளே இரண்டு பேர். பந்து பறிபோனதும், இழந்தவனும் அவனுக்கு இரு பக்கமும் நிற்பவர்களும் மட்டும் பாய வேண்டும். மற்றவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை உரக்க எண்ணட்டும். முதல் ஆள் நேராகப் பாயாமல் சற்று வளைந்து வந்து உட்பக்கப் பாஸை மறைக்க வேண்டும். இரண்டாமவன் பக்கத்துப் பாஸை அடைப்பான். மூன்றாமவன் பின்னால் காவல். ஐந்து எண்ணியும் பந்து வரவில்லையா, எல்லோரும் பந்துக்குப் பின்னால் இறங்கிவிட வேண்டும். உங்கள் அணி இந்த இறங்குதலை விட்டிருக்கும். பெரும்பாலான பள்ளி அணிகள் பறிக்கப் பழகுகின்றன, கைவிடப் பழகுவதில்லை. 40 நொடி ஆட்டம், 80 நொடி ஓய்வு, ஆறு சுற்று. வாரம் இரண்டு நாள் போதும்.

வேகமாக வந்து நிற்க முடியாமல் எதிராளியைத் தாண்டி ஓடிவிடுவது இன்னொரு பிழை. கடைசி இரண்டு மூன்று எட்டைச் சிறிதாக வைக்கச் சொல்லுங்கள். எதிராளி தலை நிமிர்ந்து, முன்னால் பார்த்துக்கொண்டு பந்தோடு நின்றால் போகவே கூடாது. முதல் தொடுதல் பிசகும்போதும், அவன் முதுகைக் காட்டி நிற்கும்போதும், பாஸ் பக்கக்கோட்டை நோக்கிப் போகும்போதும் பாயலாம். நம் பக்கத்துச் செம்மண் தரையில், அதுவும் சரளை கிடக்கும் இடத்தில், பந்து எகிறி எதிராளியின் முழங்காலில் படும். அந்த ஒரு நொடிதான் உங்களுக்கு வேண்டிய சமிக்ஞை; புல்தரையில் ஆடும் அணிக்கு அது இத்தனை முறை கிடைக்காது. அதே தரையில் சறுக்கிப் பறிப்பதற்கு மட்டும் தடை போடுங்கள், தோல் உரிந்துவிடும்.

கோடையில் காலை 6 மணிக்குத் தொடங்கி 7.30-க்கு முடித்துவிடுங்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். போட்டியில் முழு நேரமும் பிரஸ் செய்ய வேண்டாம். முதல் பத்து நிமிடம், இடைவேளைக்குப் பிறகு பத்து நிமிடம், அவ்வளவுதான்.

கே: டிவியில் மேனேஜர் கத்துவதுதான் தெரிகிறது. அவர் திறமையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: இடைவேளைக்குப் பிந்தைய 15 நிமிடத்தைப் பாருங்கள். 2005-ல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் லிவர்பூல் இடைவேளையில் மிலானிடம் 3–0 பின்தங்கியிருந்தது. மேனேஜர் பெனிடெஸ், ஃபின்னனை வெளியே எடுத்து ஹாமனை இறக்கினார். பின்னால் மூன்று டிஃபென்டர்கள், நடுக்களத்தில் ஒரு காவலாள். நடுக்கள ஆட்டக்காரரான கேப்டன் ஜெரார்டுக்கு முன்னால் போக வழி கிடைத்தது. ஆறு நிமிடத்தில் மூன்று கோல், பெனால்டியில் வெற்றி. தோற்ற மிலானின் மேனேஜர் ஆன்செலாட்டி. 2007-ல் அதே லிவர்பூலை இறுதியில் 2–1 என்று வென்றார்.

கே: நம் நாட்டில் அந்தத் தரத்தில் ஒருவரும் இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பத்தூர்

ப: இருந்தார், ஐயா. அவரும் ஆசிரியர்தான். ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்ற இந்தியா, அப்போதும் பயிற்சியாளராக இருந்த அவர் கையிலேயே 1956 மெல்போர்னில் நான்காம் இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை உட்கார வைக்காமல் முன்களத்துக்கு மாற்றினார். தென்கொரியாவை 2–1 என்று வென்ற இறுதியாட்டத்தில் ஒரு கோல் பி.கே. பானர்ஜி அடித்தது, மற்றது ஜர்னைல் அடித்தது. அப்போதே புற்றுநோயால் அவதிப்பட்ட ரஹீம் 1963-ல் காலமானார்.

பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடு அவர் ஆட்டங்கள் நடத்தியிருக்கிறார். பள்ளத்தூர் ஆசிரியருக்கும் இது உதவும். பக்கத்துக்கு ஐந்து பேர், பத்து நிமிடம். பலமான காலால் தொட்டால் பந்து எதிரணிக்கு.