கன்றை விற்பதற்கு முன் குழந்தையை எடை போடுங்கள்

கேள்வி: குடியாத்தம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். மூன்றரை வயது மகனுக்கு மூன்று வாரமாகப் பேதி. லேபில் ஜியார்டியா என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் இரண்டு பசு, பிறந்து இருபது நாளான கன்று, ஒரு நாய். இந்தக் கிருமி விலங்குகளிடமிருந்து வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. கன்றையும் நாயையும் அனுப்பிவிடச் சொல்கிறார் மாமியார். பையன் இரவில் பல்லைக் கடிக்கிறான், கன்னத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறது. பூச்சி மாத்திரை இரண்டு முறை கொடுத்தேன். பேதி நிற்கவும் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். குடிப்பது கேன் தண்ணீர்தான். அரைஞாண் கயிறுகூடத் தளர்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, கயிற்றைப் பற்றிய கடைசி வரியை நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். இந்த வயதுக் குழந்தை ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கிலோ எடை கூட வேண்டும். கூடாமல் நின்றாலே கவனிக்க வேண்டும். உங்கள் பையனோ இளைத்துக்கொண்டிருக்கிறான். பேதி 14 நாளைத் தாண்டினால் அது சாதாரணப் பேதிக் கணக்கில் வராது. அதோடு எடையும் இறங்கினால், சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லை என்று பொருள். அங்கன்வாடியில் இன்றே எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் பழைய எடையோடு ஒப்பிடுங்கள். இந்த வாரத்துக்குள் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பையன் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் தொடர்பு இல்லை. கன்னத்துத் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சி. எண்ணெய் தடவுங்கள், போதும். பேதியை நிறுத்தும் மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. இந்த வயதில் குடலின் அசைவைக் கட்டிப்போடும் மாத்திரை கொடுத்தால் வயிறு உப்பிச் செயலற்றுப் போகலாம். மீதி இருந்தால் குப்பையில் போடுங்கள். பூச்சி மாத்திரை உருண்டைப் புழு, கொக்கிப்புழுவுக்கானது. ஜியார்டியா புழு அல்ல, ஒற்றைச் செல் கிருமி. ஒற்றை வேளை கொடுத்தால் அது அசையாது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இப்போதைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும், மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையும், வழக்கமான சோறும் போதும். பட்டினி போடாதீர்கள்.

இனி உங்கள் உறக்கத்தைக் கெடுத்த கன்றுக்கு வருவோம். நாயின் ஜியார்டியாவும் மனிதனின் ஜியார்டியாவும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். மரபணுவைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே பல குடும்பங்கள் இருப்பது தெரிந்தது. மனிதருக்கு வருவது பெரும்பாலும் ஏ, பி பிரிவுகள். நாயில் மிகுதியாகக் காண்பது சி, டி, மாட்டில் இ. ஏ பிரிவு அவ்வப்போது கால்நடைகளிலும் தென்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டு நாயைக் குற்றவாளியாக நிறுத்த அது போதாது.

கிரிப்டோஸ்போரிடியம் என்று இதைவிடப் பொல்லாத குடல் கிருமி ஒன்று உண்டு. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வழியாகச் சுமார் 4 லட்சம் பேருக்குப் பேதியை உண்டாக்கியது. மாட்டுச் சாணம்தான் ஆற்றில் கலந்தது என்று முதலில் மாடுகள் மேல் பழி விழுந்தது. பாதுகாத்து வைத்திருந்த மாதிரிகளின் மரபணுவைப் பின்னாளில் பார்த்தபோது அது மனித வகை. 2002-இல் அந்த வகைக்கு ஹோமினிஸ் என்று தனிப்பெயரே வைத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகளிலும் நம் ஊர்க் குழந்தைகளிடம் அதிகம் கிடைத்தது இதே ஹோமினிஸ்தான். கிருமி பெரும்பாலும் மனிதர் கை மாறியே வருகிறது. கன்றுகளுக்கு வரும் பார்வம் வகை மனிதருக்கும் தொற்றும், அது உண்மை. பிறந்து ஒரு மாதத்துக்குள் கழிச்சல் காணும் கன்றுதான் அதை அதிகம் கொட்டும். உங்கள் கன்று கழிந்தால் பையனைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கழியாமல் துள்ளிக்கொண்டிருந்தால் விற்கத் தேவையில்லை. நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுங்கள். அது கொக்கிப்புழுவுக்காக, நாய்க்கும் மனிதனுக்கும் பொதுவான கொக்கிப்புழு ஒன்று தெற்காசியாவில் உண்டு.

கேன் தண்ணீர் வாங்கினால் பிரச்சினை இல்லை என்பது இந்த மாவட்டமே நம்பும் கதை. வேலூரைச் சேர்ந்த புறநகர்ப் பகுதிகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாட்டில் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கும் கிரிப்டோஸ்போரிடியம் தொற்று குறையவில்லை. ஏன் குறையும்? கேனிலிருந்து குடத்தில் ஊற்றுகிறோம், குடத்துக்குள் டம்ளரோடு விரல் நான்கும் முங்குகிறது, அதே விரல் சற்று முன்பு குழந்தைக்குக் கால் கழுவிவிட்டது. குளோரின் போட்டாலும் இந்தக் கிருமி அசைவதில்லை. தளதளவென்று கொதித்தால் ஒரு நிமிடத்தில் சாகும். கொதிக்க வைத்து ஆறிய நீரை நீண்ட பிடியுள்ள கரண்டியால் மொண்டு கொடுங்கள். கால் கழுவிவிட்ட கையைச் சோப்பு போட்டுத் தேயுங்கள்.

ஜியார்டியா என்று ரிப்போர்ட்டில் இருந்தாலும் இளைப்புக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. நன்றாக ஓடி ஆடும் குழந்தைகளின் மலத்திலும் அது கிடைக்கும். கிரிப்டோஸ்போரிடியமோ வழக்கமான மலப் பரிசோதனையில் சிக்காது, தனிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும், மருத்துவரிடம் கேளுங்கள். ஜியார்டியாவுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை கிரிப்டோஸ்போரிடியத்துக்கு வேலை செய்யாது. அதனால் அந்த மாத்திரையையும் கடையில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். வேறு வேறு நாளில் மூன்று மாதிரி கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம், இந்தக் கிருமிகள் தினமும் வெளியே வருவதில்லை. மாதிரியைத் தரையிலிருந்து வழிக்காமல் சுத்தமான டப்பாவில் நேராகப் பிடித்துச் சீக்கிரம் லேபில் சேருங்கள். வளர்ச்சி அட்டையோடு, இதுவரை கொடுத்த மாத்திரைகளின் காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.