சிபியோக்களின் கல்லறையும் பந்து விளையாடும் பிள்ளைகளும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மகன் குடும்பத்துடன் ரோம் போயிருந்தேன். உங்கள் கட்டுரை ஒன்றில் படித்ததை நினைவில் வைத்து, பழைய ரோமின் பெருங்குடும்பமான சிபியோக்களின் கல்லறையைப் பார்க்க முன்பதிவு செய்து போனோம். உள்ளே இருக்கும் ஈமப்பேழை நகல் என்று வழிகாட்டி சொன்னதும் மனம் விட்டுப்போயிற்று. வெளியே வந்தால் பூங்காவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், நாய்கள் ஓடுகின்றன. ரோமை எதிர்த்த கார்த்தேஜின் தளபதி ஹானிபாலை வென்றவர் உறங்கும் இடத்துக்கு இதுதான் மரியாதையா?

ந.

அன்புள்ள ந. அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். ஹானிபாலை வென்ற சிபியோ ஆப்ரிக்கானஸ் அங்கே இல்லை. வழக்குகளால் மனம் கசந்து ரோமை விட்டு விலகிய அவர், லிட்டர்னம் என்ற கடலோர ஊரில் கடைசிக் காலத்தைக் கழித்தார். நன்றிகெட்ட தாய்நாட்டில் தனக்கு இறுதிச் சடங்கு வேண்டாம் என்று தன்னை அங்கேயே புதைக்கச் சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். நீங்கள் பார்த்தது அவருடைய கொள்ளுத்தாத்தா பார்பாட்டஸ் தொடங்கிய குடும்பக் கல்லறை. பார்பாட்டஸ் கி.மு. 298-இல் கான்சலாக, அதாவது ரோமின் ஆட்சித் தலைவர் இருவரில் ஒருவராக, இருந்தவர்.

நகலைக் கண்டு உங்களுக்கு வந்த வருத்தம் எனக்கும் வந்தது. இன்றும் தீரவில்லை. 1780-இல் அந்த இடம் ஒரு திராட்சைத் தோட்டம். உரிமையாளர்களான சாசி சகோதரர்கள் தங்கள் நிலவறையைப் பெரிதாக்கத் தோண்டியபோது கல்லறைக்குள் போய் இறங்கினார்கள். ஒரே கல்லில் குடைந்த பார்பாட்டஸின் பேழை வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவருடைய எலும்புகளை வெனிஸ் நாட்டு செனட்டர் ஆஞ்செலோ குவெரினி பாதுவாவுக்கு அருகிலிருந்த தன் மாளிகைக்குக் கொண்டுபோனார். இரண்டாயிரம் ஆண்டுகள் ஒரே இடத்தில் கிடந்த மனிதரை ஒரு தோட்டத்து அலங்காரமாக்கிவிட்டார்கள். அவமரியாதை என்றால் எனக்கு இதுதான் அவமரியாதை.

பிள்ளைகள் விளையாடுவதை அதோடு சேர்க்க என்னால் முடியவில்லை. ஊருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம். ஆகவே வாயிலைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கல்லறை கட்டினார்கள். சிபியோக்கள் தேர்ந்தெடுத்தது ஆப்பியன் சாலையின் ஓரம். தெற்கிலிருந்து ரோமுக்குப் படையும் வண்டியும் வியாபாரியும் வருகிற பெருவழி அது. ஒதுங்கிய அமைதி வேண்டுமென்று நினைத்தவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். பின்னாளில், கி.பி. 3-ஆம் நூற்றாண்டில், அதன் மேலேயே மாடி வீடு ஒன்றைக் கட்டிக் குடியிருந்தார்கள். அதே நூற்றாண்டில் ஆரேலியன் பேரரசர் புதிய மதிலைக் கட்டியபோது ஊருக்கு வெளியே இருந்த கல்லறை ஊருக்குள் வந்துவிட்டது.

பேழையில் வெட்டியிருக்கும் வரிகளை வழிகாட்டி படித்துக் காட்டினாரா? வீரன், அறிவாளி, அழகும் ஆற்றலும் ஒத்திருந்தவன் என்று தொடங்கி, கான்சல், குடிமக்கள் கணக்கெடுக்கும் சென்சார், நகரப் பணிகளைக் கவனிக்கும் ஈடில் ஆகிய பதவிகளை வகித்தவர் என்கிறது. அங்கே இரண்டே சொல் வருகிறது: 'அபுத் வோஸ்'. 'உங்களிடையே' என்று பொருள். உங்களிடையே கான்சலாக இருந்தார் என்று கல் நம்மைப் பார்த்துச் சொல்கிறது. இருபது வயதில் இறந்த இன்னொரு சிபியோவின் கல் இன்னும் நெருங்கி வந்து பேசுகிறது. குறைந்தது ஆயுள்தான், தகுதி அல்ல. இவன் ஏன் பதவி எதுவும் பெறவில்லை என்று கேட்காதீர்கள் என்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார், ஊர் என்ன கேட்கும் என்று நினைத்து முன்கூட்டியே பதில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரியை முதலில் படித்த நாளில் வேறு எதையும் படிக்க முடியவில்லை. கேட்பதற்கு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இப்படி ஒரு வரிக்கு வேலையே இல்லை. பழுதின் காரணமாக 1992 முதல் 2011 வரை அந்தக் கல்லறை பூட்டிக் கிடந்தது. அந்த ஆண்டுகளை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நகல் பேழையைக்கூட இப்போது நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். மூலக் கல் வத்திக்கானில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் 'உங்களிடையே' என்ற சொல் நகலாகவாவது அது சொல்லப்பட்ட இடத்தில் இருக்கிறது.

இன்னொரு முறை போக வாய்த்தால், அதே பூங்காவில் இருக்கும் பொம்போனியஸ் ஹிலாஸின் கல்லறைக்கும் அனுமதி கேளுங்கள். செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். முழங்கால் வலி இருந்தால் மகன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1831-இல் கண்டெடுத்தார்கள். சிறிய அறைதான். அஸ்திக் கலசங்களை வைக்கச் சுவரெங்கும் புறாக்கூடு போன்ற மாடங்கள், மேலே கொடியும் பூவுமாக வண்ணம். கான்சல்கள் எவரும் இல்லை, பெரும்பாலும் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்கள். படியிறங்கியதும் எதிரே, சிறு கற்களைப் பதித்து ஹிலாஸின் பெயரும் அவர் மனைவி விட்டாலிஸின் பெயரும் எழுதியிருக்கிறது. மனைவியின் பெயருக்கு மேல் 'வி' என்று ஒற்றை லத்தீன் எழுத்து. 'உயிரோடு இருக்கிறாள்' என்பதன் சுருக்கம் அது. கணவருக்கு எழுதியபோது தன் பெயரையும் சேர்த்து எழுதவைத்து, தான் இன்னும் இருப்பதையும் குறித்துவைத்திருக்கிறாள். பிறகு அந்த எழுத்தை யாரும் எடுக்கவில்லை.

அன்புடன்.